நம்பி அப்பியின் கற்றளியும் பெர்சி பிரவுனின் அளவுகோலும்

பெர்சி பிரவுன் 1942-இல் வெளியிட்ட இந்தியக் கட்டடக் கலை நூலில், பிற்காலப் பல்லவர் கோயில்களுக்குக் கிடைத்த இடம் மிகக் குறைவு. காஞ்சி முத்தீசுவரர், மதங்கேசுவரர், ஒரகடம் வடமல்லீசுவரர், திருத்தணி வீரட்டானேசுவரர், குடிமல்லம் பரசுராமேசுவரர் ஆகியவற்றை ஒரே குழுவாக்கினார். எல்லாம் சிறியவை, முந்தைய பல்லவ மன்னன் இராசசிம்மன் காலத்தை விஞ்சாதவை, வலுவிழந்து வந்த அரசின் படைப்புகள் என்று முடித்துவிட்டார்.

அரசின் வலிமையைக் கோயிலின் பருமனால் அளக்கும் இந்த முறை திருத்தணிக்குப் பொருந்தாது.

காரணம், வீரட்டானேசுவரர் கோயிலில் உள்ள ஒரு வெண்பா. திருத்தணியல் ஈசனுக்குக் கருங்கல்லால் அழகுறக் கற்றளி (கற்கோயில்) எடுத்தவன், கலைகள் பயின்ற நம்பி அப்பி என்கிறது அது. பெருமானடிகளே பாடியருளிய வெண்பா என்ற குறிப்பும் சேர்ந்திருக்கிறது. பெருமானடிகள் என்பது பல்லவ மன்னன் அபராசிதவர்மனையே குறிக்கும் என்பது ஆய்வாளர் பலரின் துணிபு. அப்படியானால் கட்டியவன் ஒருவன், பாராட்டியவன் அரசன். அரச கருவூலத்தின் ஏற்ற இறக்கத்தை இந்தச் சுவர்களில் தேடுவது எப்படிச் சரியாகும்?

நம்பி அப்பி பொருள் கொடுத்தவன் மட்டும்தானா? கொடையாளியைப் புகழ ஈகையைச் சொன்னாலே போதும். பாட்டு அவன் கலைப் பயிற்சியை எடுத்துச் சொல்கிறது. ஒரு வெண்பாவின் அடைமொழி மெலிந்த சான்றுதான். ஆயினும் கட்டடத்தின் வடிவமைப்பில் அவனுக்குப் பங்கிருந்தது என்று கொள்வதே பாட்டின் போக்கோடு ஒத்துப்போகிறது.

பிரவுன் எடைபோடத் தவறிய இன்னொன்று, கல். இராசசிம்மன் எடுத்த காஞ்சி கைலாசநாதர் கோயிலின் சுவர்கள் எளிதில் செதுக்க வரும் மணற்கல்லால் ஆனவை. அதனால்தான் அங்கே நின்றெழும் யாளிகளும் தெய்வ வடிவங்களும் இடைவெளியின்றி நெருங்குகின்றன. அதே மணற்கல் பின்னாளில் பொரிந்து உதிர்ந்தது. திருத்தணிச் சிற்பி உளியை வைத்தது கடினமான கருங்கல்லில். யானையின் பின்புறம்போல வளைந்த தூங்கானை மாடச் சுவரில் விநாயகர், தட்சிணாமூர்த்தி, திருமால், பிரமன், துர்க்கை ஆகியோர் தனித்தனிக் கோட்டங்களில் (சுவர் மாடங்களில்) அமைகின்றனர். இடையிடையே வெறுஞ்சுவர் விடப்பட்டிருக்கிறது. புள்ளமங்கையிலும் சீனிவாசநல்லூரிலும் முற்காலச் சோழர் கலையின் சிறப்பாகப் போற்றப்படுவது இந்த அடக்கம்தான். அதைத் திருத்தணியில் மட்டும் தளர்ச்சி என்பது முறையன்று.

பருமனை வைத்து மதிப்பிடும் பழக்கம் இன்றும் போகவில்லை. மலைமேல் முருகன் கோயிலுக்கு அண்மையில் எழுந்த ஒன்பது நிலை இராசகோபுரம் தொலைவிலிருந்தே கண்ணில் படுகிறது. கீழே உள்ள கற்றளியைத் தேடிப்போய்த்தான் பார்க்க வேண்டும். இன்றைய கட்டடங்களில் கான்கிரீட் சட்டகம் பாரத்தைத் தாங்க, அலங்காரம் பிறகு மேலே ஒட்டப்படுகிறது. கற்றளியில் பாரம் தாங்கும் கல்லிலேயே அரைத்தூணும் கோட்டமும் செதுக்கப்பட்டுள்ளன. அதன் அழகைக் கட்டுமானத்திலிருந்து பிரித்தெடுக்க முடியாது.

காலக் கணக்கு இன்னும் தீரவில்லை. அபராசிதனின் 18-ஆம் ஆட்சியாண்டுவரை கல்வெட்டு கிடைக்கிறது. அவன் அரியணை ஏறியது 879 என்பாரும் 885 என்பாரும் உண்டு. அதற்கேற்ப அந்த ஆண்டு ஏறத்தாழ 897 ஆகவோ 903 ஆகவோ அமையும். அவனை வென்ற முதலாம் ஆதித்த சோழனும் அதே காலத்தில் காவிரிக் கரையில் கற்றளிகள் எழுப்பினான். எனவே வெறுஞ்சுவர் விடும் இந்த அடக்கம் திருத்தணி அடங்கிய தொண்டை நாட்டிலிருந்து தெற்கே சென்றதா, தெற்கிலிருந்து இங்கு வந்ததா என்பதை இப்போதுள்ள சான்றுகளைக் கொண்டு தீர்மானிக்க இயலாது.