குற்றத்துக்குப் பெயர் தேடியவர்

குற்றவியல் சட்டத்தில் போஸ்ட்டாக், அதாவது முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுப் பணி என்று ஓர் அறிவிப்பைப் பார்த்தால், இதில் ஆராய்வதற்கு இன்னும் என்ன மிச்சமிருக்கு என்றுதான் நம்மில் பலருக்கும் தோன்றும். திருட்டு திருட்டுதான், கொலை கொலைதான். புத்தகத்தில் பிரிவு இருக்கிறது, தண்டனை இருக்கிறது, தீர்ப்பு சொல்ல நீதிபதி இருக்கிறார். இதுக்கு நடுவுல சம்பளம் வாங்கிக்கொண்டு ரெண்டு மூணு வருஷம் ஒருவர் உட்கார்ந்து என்ன செய்வார்?

ரஃபேல் லெம்கினின் வாழ்க்கையில் இதற்கு ஒரு பதில் இருக்கிறது.

1900இல் அன்றைய ரஷ்யப் பேரரசில், இன்றைய பெலாரஸில் இருக்கும் ஒரு கிராமத்தில், யூதக் குடும்பத்தில் பிறந்தவர் லெம்கின். 1921 மார்ச்சில் பெர்லினில் நடுத்தெருவில் தலாத் பாஷா சுட்டுக் கொல்லப்பட்டார். 1915இல் ஆர்மீனியர்களைக் கூட்டம் கூட்டமாகத் துரத்திக் கொன்ற ஒட்டோமான் அரசின் உள்துறை அமைச்சர் அவர். சுட்டவர் சொகோமோன் தெஹ்லிரியான் என்ற ஆர்மீனிய இளைஞர். பெர்லின் நீதிமன்றம் சில மாதங்களில் அவரை விடுவித்தது.

லெம்கின் தன் பேராசிரியரிடம் ஒரு சந்தேகம் கேட்டதாகச் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். ஒருவரைக் கொன்றவன் மேல் வழக்கு இருக்கு. லட்சக்கணக்கானவர்களைக் கொன்றவர் மேல் ஏன் இல்லை? அதற்குப் பேராசிரியர் ஒரு கோழிப்பண்ணைக்காரரை உதாரணம் காட்டினார். அவர் தன் கோழிகளைக் கொன்றால் அது அவர் பாடு. நடுவில் போய்த் தடுத்தால் அத்துமீறியவன் நீதான். ஒரு நாட்டுக்குத் தன் எல்லைக்குள் இருக்கும் இறையாண்மையும் அப்படித்தான் என்றார்.

பேராசிரியரைக் கொடூரமானவர் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அன்றைய சட்டம் என்னவோ அதைத்தான் அவர் சொன்னார். குற்றவியல் சட்டத்தின் அஸ்திவாரம் ஒரு பழைய விதி: சட்டம் இல்லாமல் குற்றம் இல்லை. நேற்று நான் செய்த ஒன்றை இன்று புதிதாகக் குற்றமென்று அறிவித்து என்னை உள்ளே தள்ள முடியாது. சாதாரண மனிதனை அரசிடமிருந்து காக்கும் விதி இது. அதே விதி தலாத் பாஷாவையும் காத்தது. சொந்தக் குடிமக்களில் ஓர் இனத்தையே ஒழித்துக்கட்டுவதற்குச் சர்வதேசச் சட்டத்தில் பிரிவும் இல்லை, பெயரும் இல்லை.

ஆகவே வேலை தெளிவானது. அந்தச் செயலுக்கு முன்கூட்டியே ஒரு பெயரும் வரையறையும் வேண்டும். எது உள்ளே வரும், எது வராது, என்ன நோக்கத்தை நிரூபிக்க வேண்டும் என்று எழுதியாக வேண்டும். இது போராட்ட மேடையில் நடக்கிற காரியம் இல்லை. மேசை, நூலகம், நிறைய நேரம் கேட்கிற காரியம்.

லெம்கின் போலந்தில் அரசு வழக்கறிஞராக இருந்துகொண்டே இதைத் தொடங்கினார். 1933இல் மாட்ரிட்டில் நடந்த குற்றவியல் சட்ட மாநாட்டுக்கு இரண்டு புதிய குற்றங்களை முன்மொழிந்து அறிக்கை எழுதினார். ஒரு குழுவை அழிப்பதற்குக் காட்டுமிராண்டித்தனம், அதன் கலையையும் பண்பாட்டையும் அழிப்பதற்கு நாசகாரம் என்று பெயர் வைத்திருந்தார். அறிக்கை போய்ச் சேர்ந்தது. அவரால் போக முடியவில்லை. முன்மொழிவும் எடுபடவில்லை. அந்த வருடம்தான் ஹிட்லர் பதவிக்கு வந்திருந்தார்.

1939இல் வார்சாவில் குண்டு விழுந்தபோது ஓடத் தொடங்கியவர், லித்துவேனியா வழியாக ஸ்வீடன் போய்ச் சேர்ந்தார். ஸ்டாக்ஹோமில் பாடம் நடத்திக்கொண்டே ஒரு விசித்திரமான சேகரிப்பில் இறங்கினார். நாஜிக்கள் பிடித்த நாடுகளில் வெளியிட்ட அரசிதழ்களையும் ஆணைகளையும் தேடித் தேடி வரவழைத்தார். எந்த இனத்துக்கு எவ்வளவு ரேஷன், யார் யாரைக் கல்யாணம் செய்துகொள்ளலாம், யாருடைய சொத்து பறிமுதல், எந்த மொழியில் பள்ளி நடக்கக் கூடாது. நார்வேயிலும் நெதர்லாந்திலும் ஜெர்மன் படையினருக்குப் பிறக்கும் குழந்தைகளுக்கு உதவித்தொகை தருவதற்குக்கூட பிறகு ஓர் ஆணை வந்தது. தனித்தனியாகப் படித்தால் வெறும் அலுவலகக் காகிதம். எங்கள் தொழிலில் சர்வர் விழுந்த பிறகு லாக் ஃபைலை வரிவரியாகப் படிப்போமே, கிட்டத்தட்ட அதே மாதிரி வேலை. எந்த ஒரு வரியிலும் பதில் இருக்காது, வரிசையில்தான் இருக்கும்.

அமெரிக்காவில் வட கரோலினாவின் ட்யூக் பல்கலைக்கழகத்தில் மால்கம் மக்டெர்மட் என்ற பேராசிரியர் இருந்தார். போருக்கு முன் லெம்கினும் அவரும் சேர்ந்து போலந்தின் தண்டனைச் சட்டத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்திருந்தார்கள். அந்த அறிமுகம் உயிர் காத்தது. ட்யூக்கிலிருந்து அழைப்பு வந்தது. மேற்கே போர் என்பதால் கிழக்கே கிளம்பி, ரஷ்யாவை ரயிலில் கடந்து, ஜப்பான் வழியாகக் கப்பலேறி 1941 ஏப்ரலில் அமெரிக்கா சேர்ந்தார். காகிதங்களும் வந்து சேர்ந்தன.

அந்தக் காகிதங்களிலிருந்து பிறந்த புத்தகம் 1944 நவம்பரில் வெளியானது. பெயர் 'ஆக்ஸிஸ் ரூல் இன் ஆக்குப்பைடு யூரோப்'. 600 பக்கங்களைத் தாண்டும். பெரும்பகுதி ஆணைகளின் மொழிபெயர்ப்பு. ஒன்பதாவது அத்தியாயத்தின் தலைப்பு ஒரே சொல்: ஜெனோசைட். இனத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லோடு கொலையைக் குறிக்கும் லத்தீன் ஈற்றை ஒட்டி அவரே செய்த சொல். அரசியல், பொருளாதாரம், பண்பாடு, மதம் என்று எட்டுத் துறைகளில் ஓர் இனம் எப்படி அழிக்கப்படுகிறது என்று அதில் பிரித்துக் காட்டினார். சாவு அதில் ஒரு பகுதி மட்டுமே.

நியூரெம்பர்க் குற்றப்பத்திரிகையில் அந்தச் சொல் ஏறியது. 1946இல் வந்த தீர்ப்பில் இல்லை. அதற்குள் தன் உறவினர்களில் 49 பேர், பெற்றோர் உட்பட, கொல்லப்பட்டது அவருக்குத் தெரிந்திருந்தது. ஐ.நா.வின் நடைவழிகளில் தூதர்களை மறித்து மறித்துப் பேசினார். 1948 டிசம்பர் 9 அன்று பாரிஸில் ஐ.நா. பொதுச்சபை இனப்படுகொலை ஒப்பந்தத்தை ஏற்றது. பண்பாட்டு அழிப்பு என்ற பகுதியை வெட்டிவிட்டுத்தான் ஏற்றது.

யேல் பல்கலைக்கழகத்தில் கொஞ்ச காலம் கற்பித்தார். நிலையான பதவி என்று எதுவும் அமையவில்லை. நோபல் பரிசுக்குப் பலமுறை பெயர் போனது. கடைசி வருடங்களில் நியூயார்க்கில் கடனோடு வாழ்ந்தார். 1959 ஆகஸ்ட் 28 அன்று மாரடைப்பில் இறந்தபோது சுயசரிதை முடியவில்லை. அது அச்சில் வந்தது 2013இல். அவர் உருவாக்கிய குற்றத்துக்காக ஒரு சர்வதேச நீதிமன்றம் முதன்முதலில் ஒருவரைத் தண்டித்தது 1998இல், ருவாண்டா வழக்கில்.

தேதியைக் கவனியுங்கள். இந்தியா அந்த ஒப்பந்தத்தை உறுதிசெய்தது 1959 ஆகஸ்ட் 27. லெம்கின் இறப்பதற்கு முந்தைய நாள். இலங்கை 1950இலேயே சேர்ந்துவிட்டது. 2015இல் வடக்கு மாகாண சபை தீர்மானம் போட்டபோது தேர்ந்தெடுத்ததும் அவர் செய்த இந்தச் சொல்லைத்தான். தமிழில் 'இனப்படுகொலை' என்று நாம் எழுதும்போதெல்லாம் அந்த ஒன்பதாவது அத்தியாயத்தைத்தான் தொடுகிறோம்.

ஒப்பந்தத்தின் ஐந்தாவது பிரிவு, கையெழுத்திட்ட நாடுகள் இதற்கு உள்நாட்டில் சட்டம் இயற்ற வேண்டும் என்கிறது. இந்தியாவில் அப்படிச் சட்டம் இல்லை. 1984 சீக்கியப் படுகொலை தொடர்பான வழக்கில் 2018இல் தீர்ப்பளித்த டெல்லி உயர் நீதிமன்றம், இனப்படுகொலையும் மானுடத்துக்கு எதிரான குற்றமும் நம் உள்நாட்டுச் சட்டத்தில் இல்லை, இந்த ஓட்டையை உடனே அடைக்க வேண்டும் என்றது. தண்டனைச் சட்டத்தை முழுசா மாற்றி எழுத 2023இல் ஒரு வாய்ப்பும் வந்தது. பாரதிய நியாய சன்ஹிதாவில் கும்பல் கொலைக்குப் புதிய உட்பிரிவு வந்தது. இனப்படுகொலைக்கு வரவில்லை.

இதில் ஆராய என்ன மிச்சமிருக்கு என்று கேட்டோம் இல்லையா? சேர்க்க வேண்டிய பிரிவின் வாசகம், நோக்கத்தை எப்படி நிரூபிப்பது, உத்தரவு போட்டவரையும் கத்தி எடுத்தவரையும் எப்படிப் பிரிப்பது, அரசே குற்றவாளியானால் வழக்கை யார் நடத்துவது. ஒவ்வொன்றும் சில வருட வேலை. படுகொலை நடந்து முடிந்த பிறகு எழுதினால், சட்டம் இல்லாமல் குற்றம் இல்லை என்ற அந்த விதி மறுபடியும் குறுக்கே வந்து நிற்கும்.