சிரிப்பினுள் ஒரு கணக்கு

தெலுங்கு நாடக வரலாற்றில் 1892ஆம் ஆண்டு சிறப்பிடம் பெறுவதாகும். விசாகப்பட்டினத்தை அடுத்த விஜயநகரம் சமஸ்தானத்தில், ஜகந்நாத விலாசினி சபையார் குரஜாட அப்பாராவின் 'கன்யாசுல்கம்' என்னும் நகைச்சுவை நாடகத்தை அவ்வாண்டில்தான் முதன்முதலாக மேடையேற்றினர்.

பொன்னும் பொருளும் பெற்றுக்கொண்டு சிறுமியரை முதியவர்க்கு மணமுடித்தலே கன்யாசுல்கம். அந்தணர் இல்லங்களில் நிகழ்ந்த இத்தகைய மணங்களை மன்னர் ஆனந்த கஜபதி கணக்கெடுக்கச் செய்தார். மூன்றாண்டுகளில் 1034 மணங்கள்! ஐந்து வயதுச் சிறுமியர் 99 பேர். ஒரு வயதுக் குழந்தைகள் மூவர். அக்குழந்தைகளின் விலை தலைக்கு 350 முதல் 400 ரூபாய். 1897இல் நாடகம் நூலானபோது முன்னுரையில் இக்கணக்கு இடம்பெற்றது.

மேடையிலோ நகைப்பே மேலோங்கியது. அக்னிஹோத்ராவதானி தம் இளைய மகளைக் கிழவர் லுப்தாவதானிக்கு விற்க முனைகிறார். தாய்மாமன் கரடக சாஸ்திரி, தம் சீடனுக்குப் பெண்வேடமிட்டு, அவனையே கிழவர்க்கு மணமுடித்து விடுகிறார். பின்னர் மணமகள் மாயமாகிறாள். கிழவர்மீது கொலைப்பழி விழுகிறது.

ஏட்டுநடையை விடுத்து மக்களின் பேச்சுமொழியிலேயே மாந்தரைப் பேசவைத்தார் அப்பாராவ். தம் வீட்டுக் குரலையே மேடையில் கேட்ட அவையோர், இக்குற்றம் பிறருடையது என்று ஒதுங்க வழியில்லை. 1909இல் நாடகத்தைப் பெரிதும் விரித்துத் திருத்தி வெளியிட்டபோதும் அந்நடையை அவர் கைவிடவில்லை.

இளையவள் தப்பினாள். முன்னரே கிழவர் ஒருவர்க்கு விற்கப்பட்ட மூத்தவள் புச்சம்மாவோ, அதே வீட்டில் இளங் கைம்பெண்ணாய் நிற்கிறாள். அவளைக் காணுமிடத்துச் சிரிப்பு அடங்கிவிடுகிறது. கணக்கு மட்டுமே எஞ்சுகிறது.