கஞ்சி போட்ட கிருமி

1/
போன வாரம் தடுப்பூசி நாள். மூணரை மாசக் குழந்தையோட, தறி ஓட்டுற ஒரு அம்மா வந்தாங்க. "ஏனுங்க டாக்டர், போன ஊசிக்கே ரெண்டு நாள் காய்ச்சலுங்க. தறிக்குப் போகல, கூலியும் போச்சு. இப்ப ரெண்டு தொடையிலயும் போடோணும்ங்கறீங்க. போடாட்டி என்னங்க?"

வரிசை நீளம். "நல்லதுக்குத்தாங்க, போட்டுக்கங்க"ன்னு மட்டும் சொன்னேன். போட்டுக்கிட்டாங்க. ஆனா அது பதில் இல்லை. பதில் ஒரு நூறு வருஷக் கதை. இங்கே சொல்றேன்.

2/
குமாரபாளையத்துக்காரங்களுக்கு இது சுலபமா புரியும். பாவு நூல் தறியில உரசி அறுந்துடக் கூடாதுன்னு கஞ்சி போடறோம்ல? கஞ்சிங்கறது மாவு. மாவுங்கறது சர்க்கரைத் துணுக்குகள் சங்கிலியா கோத்தது. நிமோனியா, மூளைக்காய்ச்சல் கொடுக்கிற நியுமோகாக்கஸ் கிருமியும் அதே மாதிரி ஒரு சர்க்கரைப் போர்வையைப் போர்த்திக்கும். நம்ம ரத்தத்து வெள்ளணுக்கள் முழுங்க வந்தா, பிடி கிடைக்காது. (நீரிழிவுக்கும் இந்தச் சர்க்கரைக்கும் சம்பந்தம் இல்லை!)

3/
இந்தப் போர்வை சர்க்கரைதான்னு 1923ல காட்டினவங்க நியூயார்க் ராக்ஃபெல்லர் நிறுவனத்தின் ஹைடல்பெர்கரும் ஏவரியும். 1928ல லண்டன்ல கிரிஃபித் எலிகளுக்கு ஊசி போட்டுப் பார்த்தார். போர்வை உள்ள கிருமி போட்ட எலி செத்தது. போர்வை இல்லாத கிருமி போட்ட எலி பிழைச்சது. அப்ப கிருமியைக் கொல்லவே வேண்டாம், போர்வையை உருவினாப் போதுமே?

4/
1930ல ஏவரியும் டூபோவும் அதைச் செஞ்சே காட்டினாங்க. சதுப்பு நில மண்ணுல இருந்து எடுத்த ஒரு பாக்டீரியாவோட என்சைம், மூணாம் வகை நியுமோகாக்கஸின் போர்வையைக் கரைச்சது. பிராசசிங்ல துணியில கஞ்சி எடுக்கறாங்களே, அதேதான். அம்மணமா நின்ன கிருமியை வெள்ளணுக்கள் முழுங்கின. எலிகள் பிழைச்சது.

5/
ஆனா ஒரு சிக்கல். அந்த என்சைம் ஒரு வகைக்கு மட்டும்தான். நியுமோகாக்கஸ்ல நூறு வகை இருக்கு. இதுக்குள்ள 1930களில் சல்ஃபா மாத்திரை வந்தது, 1940களில் பென்சிலின். எந்த வகைன்னு பார்க்க வேண்டியதில்லை, ஒரே மருந்து போதும். என்சைமை ஓரம் கட்டிட்டாங்க.

6/
போர்வையைக் குறி வைக்கிற யோசனை தடுப்பூசியில மட்டும் உயிரோட இருந்தது. வெறும் சர்க்கரையைக் காட்டினா ரெண்டு வயசுக்குள்ள குழந்தை உடம்பு சரியா பாடம் படிக்காது. அதை ஒரு புரதத்தோட கோத்துக் கொடுத்தா படிக்கும். ஹிப் கிருமியின் போர்வையை இப்படிக் கோத்த ஊசி, பென்டாவேலன்ட்டுக்குள்ள சேர்ந்து, 2011 டிசம்பர்ல அரசுத் திட்டத்துக்கு வந்தது. இந்தியாவுலேயே முதல்ல தொடங்கினது தமிழ்நாடும் கேரளாவும். நியுமோகாக்கஸ் ஊசி 2021ல நம்ம மாநிலத்துக்கு வந்தது. அந்த அம்மா கேட்ட ரெண்டு தொடை ஊசியும் இதுங்கதான்.

7/
இப்ப ஏன் இதைப் பேசணும்? 2010ல சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி முதல் ஆசிரியரா இருந்த ஆய்வு லான்செட் தொற்றுநோய் இதழில் வந்தது. கடைசி ஆயுதமா வெச்சிருந்த கார்பாபெனம் மருந்தையே உடைக்கிற என்டிஎம்-1 மரபணு, சென்னையில மட்டும் 44 கிருமி மாதிரிகளில் இருந்தது. அதுல ஒரு முக்கியமான கிருமி கிளெப்சியெல்லா. அதுவும் தடியா சர்க்கரைப் போர்வை போர்த்தினதுதான்.

அதனால ஆய்வாளர்கள் 1930க்கே திரும்பிப் போறாங்க. பாக்டீரியாவைத் தாக்கற வைரஸ்கள்கிட்ட இந்தப் போர்வையை வெட்டற என்சைம்கள் இருக்கு. எலிகளில் பலன் தெரியுது. ஆனா வார்டுல எழுதிக் கொடுக்கற மருந்தா இன்னும் வரல. ஒரு என்சைம் ஒரு வகைக்குத்தான்ங்கற பழைய சிக்கலும் அப்படியே இருக்கு.

8/
அக்கா, அன்னைக்குச் சொல்லாத பதில் இதுதான். ஊசி எல்லா வகையையும் தடுக்காது. ஆனா குழந்தைகளை அதிகம் தாக்கற வகைகளோட போர்வையை உடம்புக்கு முன்கூட்டியே அடையாளம் காட்டிடும். ஒண்ணு ரெண்டு நாள் காய்ச்சல், உடம்பு பாடம் படிக்கற சத்தம். நர்ஸ் சொன்ன அளவுல பாராசிட்டமால் கொடுங்க. அதுக்கு மேல நீடிச்சாலோ, பால் குடிக்கலைன்னாலோ உடனே தூக்கிட்டு வாங்க.

இன்னொண்ணு. சளிக்கெல்லாம் மெடிக்கல்ல நீங்களே கேட்டு ஆன்டிபயாடிக் வாங்காதீங்க. அடுத்த மருந்து இன்னும் எலிக்கூண்டுலதான் இருக்கு.

ஒன்பதாம் மாசம் இன்னொரு ஊசி இருக்குங்க. கூலி ஒரு நாள் போனாலும் பரவால்ல, வந்துடுங்க.