அச்செழுத்தும் கீர்த்தனையும் பறையும்

திருச்சபைக்கு ஒரு குருவைப் பயிற்றுவதென்றால், வேதநூலையும் சமய தத்துவத்தையும் அவருக்குக் கற்பித்தாற் போதும் என்று எண்ணுவோர் பலர். ஆனால் கற்றதைப் பிறர் நெஞ்சிற் பதிப்பதற்குக் குரல் வேண்டும், பண் வேண்டும், அச்சு வேண்டும், சில வேளைகளிற் கூத்தும் வேண்டும். இன்று இறையியற் கல்லூரிகள் பல, வழிபாட்டு இசையையும் தொடர்பியற் கலைகளையும் பட்டப்படிப்பின் பாடங்களாகவே வைத்திருக்கின்றன. இதனைப் புதுமை என்று சொல்லிவிடலாகாது. தமிழ் வழங்கும் நிலத்திலே இப்பயிற்சிக்கு முந்நூறு ஆண்டு வரலாறு உண்டு. அது அமைதியான வரலாறுமன்று. கோயிலுக்குள்ளே எவருடைய இசை ஒலிக்கலாம் என்னும் வழக்கு அதன் நடுவே ஓயாது நடந்துவந்திருக்கிறது.

1706ஆம் ஆண்டு யூலை மாதத்தில், டென்மார்க்கு மன்னன் அனுப்பிய ஜேர்மானியராகிய சீகன்பால்கு தரங்கம்பாடியிற் கரையிறங்கினார். திண்ணைப்பள்ளிச் சிறுவரோடு சிறுவராக மணலில் விரலால் எழுதித் தமிழ் நெடுங்கணக்கைக் கற்றவர் அவர். 1712இல் இங்கிலாந்திலிருந்து ஓர் அச்சியந்திரம் வந்தது. மறு ஆண்டில் ஜேர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழெழுத்துகள் வந்தன. அவை அளவிற் பெரியனவாய்க் காகிதத்தை விழுங்கின. ஆகவே இங்கிலாந்திலிருந்து பாற்கட்டி அடைத்து வந்த பெட்டிகளின் ஈயத்தகட்டை உருக்கிச் சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தனர். 1715க்குள் புதிய ஏற்பாடு அச்சேறி முடிந்தது. 1716இல் உபதேசியாரையும் ஆசிரியரையும் பயிற்றும் கூடம் ஒன்றும் அங்கே தொடங்கிற்று. அச்சுக்கூடமும் பயிற்சிக்கூடமும் ஒரே ஊரில் அருகருகே பிறந்தன என்பது கவனிக்கத் தக்கது.

அச்சு விரைவில் வசப்பட்டது, பாட்டு வசப்படவில்லை. ஜேர்மன் ஞானப்பாட்டில் ஒவ்வோரடிக்கும் இத்தனை அசை என்ற கணக்கு உண்டு. இராகம் அந்தக் கணக்கின்மேலே கட்டப்பட்டது. அதே இராகத்துக்குத் தமிழ்ச் சொற்களைப் பொருத்தப் புகுந்தபோது, நெடில் வரவேண்டிய இடத்திற் குறிலும், நிற்கவேண்டிய இடத்தில் ஓட்டமும் வந்து விழுந்தன. எதுகையின் இன்பத்தில் ஊறிய செவிக்கு அது பாட்டாகவே படவில்லை. பொருளோ உயர்ந்த பொருள். நாவோ அதனைத் தயங்கித் தயங்கிச் சொன்னது. பிற்காலத்திற் பப்பிரிசியுஸ் ஐயர் போன்ற தமிழறிந்த மிஷனரிமார் அம்மொழிபெயர்ப்புகளைப் பெரிதும் செப்பஞ்செய்தனர். எனினும் வெளியே தெருவில் ஒலித்த பல்லவியும் சரணமும் கோயில் வாசலோடு நின்றுவிட்டன.

அவற்றை உள்ளே அழைத்து வந்தவர் வேதநாயக சாஸ்திரியார். 1774இல் திருநெல்வேலிச் சீமையிலே, புலவர் தேவசகாயம்பிள்ளையின் மகனாகப் பிறந்தவர். இளமையிலேயே இவரை ஷுவார்ட்ஸ் ஐயர் தஞ்சாவூருக்கு அழைத்துச் சென்று வளர்த்தார். பின்னாளில் மன்னராகிய இரண்டாம் சரபோசி அங்கே இவருக்கு உடன்பயின்ற தோழர். இறையியலோடு கணிதம், வானநூல், உடற்கூறு முதலியவற்றையும் தரங்கம்பாடி மிஷனரிமாரிடம் கற்று வந்து, தஞ்சையிற் பாடசாலைத் தலைமையை ஏற்றார். அந்தக் கல்வியின் பயனை அவர் இயற்றிய பெத்லகேம் குறவஞ்சியிற் காணலாம். தலைவன் உலாவும் தலைவியின் காதலும் குறத்தி குறி சொல்லுதலும் குற்றாலக் குறவஞ்சியைக் கேட்டவர்க்குப் பழகிய கோலங்களே. அந்தக் கோலத்துக்குள்ளே கிறித்தவ நம்பிக்கையையும், சூரியனைக் கோள்கள் சுற்றுகின்றன என்ற புதிய வானநூலையும் வைத்துப் பாடினார். நாட்டிலுள்ள வடிவத்தைக் கொண்டு நாட்டுக்குப் புதிதான செய்தியைச் சொல்லும் ஆற்றல் எந்தப் பாடத்திட்டத்திலும் எழுதப்பட்டிருக்கவில்லை. மாணாக்கர் தாமாகக் கண்டது அது.

1798இல் ஷுவார்ட்ஸ் மறைந்தார். அடுத்த தலைமுறை மிஷனரிமாரின் போக்கு வேறு. தமிழ்க் கீர்த்தனைகள் ஆராதனைக்குத் தகாதவை என்றனர். மணவீட்டிலும் பிணவீட்டிலும் பூச்சூடல் ஆகாதென்றனர். பழகிய வேதமொழிபெயர்ப்பை நீக்கிப் புதியதைப் புகுத்தினர். இவற்றோடு ஒன்றாக, நற்கருணைப் பந்தியிற் சாதி வரிசை பார்க்கலாகாதென்றும் கட்டளையிட்டனர். சாஸ்திரியார் நான்கையும் எதிர்த்தார். இங்கேதான் வரலாறு நம்மைச் சற்று நின்று பார்க்கச் செய்கிறது. பாட்டைத் தடுத்தவர்களே சாதியையும் தடுத்தார்கள். பாட்டைக் காத்தவரே சாதி வழக்கத்தையும் காத்தார். ஒரு பக்கத்தை முற்றாக வெள்ளையாகவும் மறுபக்கத்தை முற்றாகக் கறுப்பாகவும் தீட்டுவோர் இந்த வழக்கின் ஏடுகளில் ஒரு பாதியை மட்டுமே படித்தவராவர். 1829இல் சாஸ்திரியார் பணியிழந்தார். சைவ மன்னராகிய சரபோசி தம் பழைய தோழரை அரண்மனையிற் புலவராக ஏற்று ஆதரித்தார்.

ஆயினும் தடை நெடுங்காலம் நிலைக்கவில்லை. மதுரையில் ஊழியஞ்செய்த அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப், தமிழ்க் கீர்த்தனைகளைத் தொகுத்து 1853இல் வழிபாட்டு நூலாக வெளியிட்டார். சாஸ்திரியார் பாடல்கள் அத்தொகுதியிற் சிறப்பிடம் பெற்றன. விலக்கப்பட்ட கீர்த்தனை உபதேசிமார் கையிலே பாடநூலாயிற்று. 1864இல் தொண்ணூறாவது வயதை எட்டிக்கொண்டிருந்த சாஸ்திரியார் கண்மூடியபோது, ஞானப்பாட்டும் கீர்த்தனையும் ஒரே கோயிலில் அடுத்தடுத்து ஒலிக்கத் தொடங்கியிருந்தன.

பாக்குநீரிணைக்கு இப்பால், யாழ்ப்பாணத்திற் கதை வேறு வழியிற் சென்றது. ஷுவார்ட்ஸின் இன்னொரு மாணாக்கராகிய கிறித்தியன் தாவீது 1801இல் இங்கு வந்து ஊழியஞ்செய்து, 1824இற் குருப்பட்டம் பெற்றார். 1823இல் அமெரிக்க மிஷனரிமார் நிறுவிய வட்டுக்கோட்டைச் செமினரியோ, இசையைவிட அச்சிலும் எழுத்திலுமே தன் மாணவரை வல்லுநராக்கிற்று. 1841இல் வெளிவந்த உதயதாரகைப் பத்திரிகையின் முதலாசிரியர் இருவரும் அச்செமினரியிற் பயின்ற தமிழர். ஆனால் ஊடகம் எவருக்கும் தனியுடைமையாவதில்லை. மிஷனரிமாரின் பிரசங்கமுறையையும் அச்சியந்திரத்தையும் அருகிருந்து கண்ட ஆறுமுக நாவலர், 1847ஆம் ஆண்டின் இறுதி நாளில் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் முதற் பிரசங்கத்தைத் தொடங்கினார். பின்னர்த் தாமும் ஓர் அச்சுக்கூடம் நிறுவினார். செமினரி பயிற்றிய கருவி, செமினரிக்கு வெளியே அதற்கெதிராகவே நன்றாகப் பயன்பட்டது.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஈரோட்டிலிருந்த பொப்லி என்ற ஆங்கில மிஷனரி இந்திய இசையை முறையாகக் கற்று, 1921இல் அதைப்பற்றி ஒரு நூலும் எழுதினார். கதாகாலட்சேப முறையிலே சுவிசேஷம் கூறுவதையும் அவர் வளர்த்தார். கருநாடக இசை திருச்சபையிற் பெருமையோடு அமர்ந்துவிட்டதுபோலத் தோன்றிற்று.

அப்போதுதான் பழைய வழக்கின் மறுபாதி மீண்டும் எழுந்தது. 1969இல் மதுரையில் தமிழ்நாடு இறையியற் கல்லூரி தோன்றியது. தமிழையே போதனாமொழியாகக் கொண்டு இறையியற் பட்டத்துக்கு மாணவரை ஆயத்தஞ்செய்யும் நிறுவனம் அது. அதன் பட்டங்கள் செராம்பூர்ப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்தவை. செராம்பூருக்குப் பட்டமளிக்கும் உரிமையை 1827இல் வழங்கியவர் டென்மார்க்கு மன்னர். சீகன்பால்கை அனுப்பிய அரசின் முத்திரை, சுற்றி வளைத்து மதுரை மாணவரின் பட்டத்தின் அடியிலும் வந்து நிற்பது வரலாற்றின் வேடிக்கைகளில் ஒன்று.

அக்கல்லூரியின் பேராசிரியருள் ஒருவர் தியோபிலஸ் அப்பாவு. 1940இற் பிறந்தவர், பரட்டை என்ற பெயரால் மக்களிடையே அறியப்பட்டவர். தமிழ்நாட்டுக் கிறித்தவருள் மிகப் பெரும்பான்மையோர் தாழ்த்தப்பட்ட குலத்துக் கிராமத்தவராயிருக்க, வழிபாட்டிசை மட்டும் மேற்குலத்தார் அவைகளிற் பிறந்ததாக ஏன் இருத்தல் வேண்டும் என்று அவர் வினவினார். கீர்த்தனையைப் பாட ஆண்டுக்கணக்கிற் பயிற்சி வேண்டும். நாற்று நடும் பெண்ணின் பாட்டுக்கு அது வேண்டுவதில்லை. ஆகவே கும்மி, தெம்மாங்கு, ஒப்பாரி ஆகிய மெட்டுகளிற் பேச்சுத்தமிழைக்கொண்டு பாடல்களையும், முழு ஆராதனை முறை ஒன்றையும் இயற்றினார். ஒரே உலையிற் பொங்கி எல்லோரும் சேர்ந்துண்பது அவருடைய இறையியலின் நடுக்கருத்து. நற்கருணைப் பந்தியைப்பற்றித் தஞ்சையில் எழுந்த சண்டைக்கு இது நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின்வந்த விடை எனலாம். சாதியை விலக்கவேண்டுமென்றால் தமிழிசையையும் விலக்கவேண்டும் என்றிருந்த பழைய முடிச்சு இங்கே அவிழ்ந்தது. பாடலைத் தாம் எழுதியபடியே பாடவேண்டுமென்று அவர் கட்டாயப்படுத்தவுமில்லை. கிராமத்தவர் சொல்லை மாற்றினால், மெட்டை வளைத்தால், பாட்டு அவர்களுடையதாகிவிட்டது என்று மகிழ்ந்தார். அச்சைவிட ஒலிநாடா அதற்கு வாய்ப்பாயிருந்தது. எழுத்தறியாதவரும் கேட்டுப் பிடித்துக்கொள்ளலாம் அல்லவா?

பறையும் அவ்வாறே ஆராதனைக்கூடத்துக்குள் நுழைந்தது. குருவாக விரும்பிய மாணவர் அதை நெருப்பிற் காய்ச்சிச் சுருதியேற்றவும், தோளில் மாட்டி அடிக்கவும் கற்றனர். எதிர்ப்பு மேற்குலத்தாரிடமிருந்து மட்டும் வந்ததென்று கொள்ளலாகாது. ஊராரின் சாவுக்குக் கூலியின்றிப் பறையடிக்கும் கட்டாயத்திலிருந்து தப்பவே கிறித்தவத்துக்கு வந்தவர்களின் மக்களும் பேரப்பிள்ளைகளும், அந்தக் கருவியைப் பீடத்தருகே கண்டபோது முகஞ்சுளித்தனர். அதை எறிந்துவிட்டு வந்ததே தங்கள் விடுதலை என்பது அவர்கள் கட்சி. அதை நிமிர்ந்து நின்று அடிப்பதே விடுதலை என்பது கல்லூரியிற் பயின்ற இளைஞர் கட்சி. 2005இல் அப்பாவு மறைந்தார். அவருடைய பாடல்கள் இன்றும் சபைகளிற் பாடப்படுகின்றன. பறையைப்பற்றிய அந்த வழக்கில் இரு கட்சியாரும் இன்னும் தத்தம் இடத்தை விட்டு நகரவில்லை.