எரிந்தது இடது, அணைத்தது வலது

விமான விபத்து விசாரணை அறிக்கைகளைப் படிப்பது எனக்கு ஒரு பழக்கம். கொஞ்சம் விபரீதமான பழக்கம்தான். வீட்டில் திட்டும் விழும். ஆனாலும் நல்லா யோசிக்கத் தெரிந்தவர்கள் ஏன் தப்பான முடிவுக்கு வருகிறார்கள் என்பதை இந்த அறிக்கைகள் சொல்கிற அளவுக்கு வேறு எதுவும் எனக்குச் சொன்னதில்லை. அதில் நான் திரும்பத் திரும்பப் படிப்பது இங்கிலாந்தில் நடந்த கெக்வொர்த் விபத்தைப் பற்றிய அறிக்கை.

1989 ஜனவரி 8, ஞாயிற்றுக்கிழமை இரவு. லண்டன் ஹீத்ரோவிலிருந்து பெல்ஃபாஸ்ட் போகிற பிரிட்டிஷ் மிட்லண்ட் விமானம். போயிங் 737-400 ரகம், அப்போதுதான் புழக்கத்துக்கு வந்திருந்த புது மாடல். பயணிகள் 118, ஊழியர்கள் 8, மொத்தம் 126 பேர். கிளம்பிப் பதிமூன்று நிமிடம் போல ஆகியிருக்கும். 28,300 அடி உயரத்தில் மேலே ஏறிக்கொண்டிருந்தபோது 'டமார்' என்று ஒரு சத்தம். விமானமே நடுங்கியது. விமானி அறையில் எரிகிற வாடை.

இடது எஞ்சினின் முன்பக்க விசிறியில் ஒரு தகடு உடைந்துவிட்டது. நடந்தது அவ்வளவுதான். ஒரு எஞ்சின் போனால் விமானம் கல் மாதிரி கீழே விழும் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. இரண்டு எஞ்சின் உள்ள பயணிகள் ஜெட், ஓடுபாதையில் வேகமெடுத்து மேலே எழும்புகிற நேரத்தில் ஒன்று நின்றுபோனாலும், மற்றதை வைத்துக்கொண்டு ஏறிச் சுற்றிவந்து இறங்க வேண்டும். அப்படிக் காட்டினால்தான் பறக்க அனுமதியே. இங்கே 28,000 அடி உயரம் கையில் இருந்தது. பக்கத்திலேயே ஈஸ்ட் மிட்லண்ட்ஸ் விமான நிலையம். வலது எஞ்சின் நல்லபடியாக ஓடிக்கொண்டிருந்தது.

அந்த வலது எஞ்சினைத்தான் அணைத்தார்கள்.

எப்படி? கேப்டன் அனுபவசாலி, 13,000 மணி நேரத்துக்கு மேல் பறந்தவர். புகை பயணிகள் பகுதியிலிருந்து வருகிற மாதிரி அவருக்குப் பட்டது. அவர் அறிந்த பழைய 737-களில் பயணிகள் பகுதிக்கான காற்று பெரும்பாலும் வலது எஞ்சினிலிருந்து வரும். அப்படியானால் கோளாறு வலது பக்கம். பழைய விமானத்துக்கு இந்தக் கணக்கு சரி, ஆனால் 400 மாடலில் காற்று வருகிற ஏற்பாடே வேறு. எந்த எஞ்சின் என்று கேப்டன் கேட்க, துணை விமானி இடது என்று சொல்ல வாயெடுத்து, பாதியில் வலது என்று மாற்றிச் சொன்னார்.

சரி, மீட்டரில் தெரியாதா? தெரிந்தது. எஞ்சின் அதிர்வைக் காட்டும் மீட்டர் இடது பக்கம் உச்சத்தில் நின்றது. ஆனால் பழைய 737-களில் அந்த மீட்டரை நம்ப முடியாது என்று விமானிகளிடையே ஒரு பேச்சு உண்டு, அதனால் யாரும் அதைக் கண்டுகொள்வதில்லை. புது மாடலில் மீட்டர் நம்பகமானது. ஆனால் அளவில் சின்னது, முள்ளுக்குப் பதிலாகக் குட்டி எல்.இ.டி. விளக்கு. இந்த மாற்றங்களைப் பழகிப் பார்க்க 400 மாடலுக்கென்று சிமுலேட்டர் பயிற்சியும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

இதற்கு மேல்தான் விதி விளையாடியது. வலது எஞ்சினின் வேகத்தைக் குறைப்பதற்காக முதலில் ஆட்டோ த்ராட்டிலைத் துண்டித்தார்கள். எஞ்சினுக்கு எவ்வளவு சக்தி வேண்டும் என்று தானாகவே பார்த்துக்கொள்கிற கருவி அது. அதைத் துண்டித்ததும் அடிபட்ட இடது எஞ்சினுக்குப் போகிற எரிபொருளும் குறைந்து, அதன் தடுமாற்றம் அடங்கியது. நடுக்கம் குறைந்தது, புகை வாடையும் மெல்லப் போனது. 'பாத்தியா, வலதுதான்' என்று யாருக்குமே தோன்றியிருக்கும். அதிர்வு தொடங்கி ஏறக்குறைய இரண்டே நிமிடத்தில் வலது எஞ்சின் முழுவதுமாக நின்றது.

என்னை ரொம்ப நாள் தூங்கவிடாதது இதற்கு அடுத்த பகுதி.

வலது எஞ்சினில் கோளாறு, அதை நிறுத்திவிட்டோம் என்று கேப்டன் ஒலிபெருக்கியில் பயணிகளுக்குச் சொன்னார். பின்பக்கம் உட்கார்ந்திருந்த பலர் அதற்கு முன்பே இடது எஞ்சினிலிருந்து நெருப்பு வருவதைக் கண்ணால் பார்த்திருந்தார்கள். பணிப்பெண்களும் பணியாளர்களுமாக மூன்று பேர் பார்த்திருந்தார்கள். பயணிகளில் சிலருக்கு 'என்ன, வலதுன்னு சொல்றாரே' என்று குழப்பம். ஆனால் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பார்த்த ஊழியர்களுக்கோ கேப்டன் 'வலது' என்று சொன்னது மனதில் பதியவே இல்லை. ஒரு பஸ்ஸின் பின்சக்கரத்தில் புகை வந்தால் நாலு பேர் கத்தி வண்டியை நிறுத்தியிருப்பார்கள். விமானத்தில் அப்படிக் கத்த வாய் வராது. நமக்கென்ன தெரியும், அவருக்குத் தெரியாததா என்று இருந்துவிடுவோம்.

தப்பைக் கண்டுபிடிக்க இன்னொரு வாய்ப்பும் வந்தது. இறங்கும் வழியில் கேப்டன் நடந்ததையெல்லாம் ஒருமுறை திரும்பிப் பார்க்கத் தொடங்கினார். அந்த நேரம் பார்த்து ரேடியோவில் அழைப்பு. பேச்சு அறுந்தது. அப்புறம் வேலைமேல் வேலை, அதைத் திரும்பத் தொடவே இல்லை.

கீழே இறங்கும்போது அதிகச் சக்தி தேவையில்லை என்பதால் உடைந்த எஞ்சின் எப்படியோ சமாளித்தது. ஓடுபாதைக்கு நாலரை கிலோமீட்டர் தூரத்தில், 900 அடி உயரத்தில் அதுவும் போயிற்று. வலது எஞ்சினைத் திரும்பக் கிளப்ப நேரமில்லை. ஓடுபாதைக்குச் சற்று முன்னால், எம்1 நெடுஞ்சாலையின் கரையில் விமானம் மோதி உடைந்தது. சாலையில் போன எந்த வண்டிமீதும் மோதவில்லை. 47 பேர் இறந்தார்கள். பிழைத்த 79 பேரில் பெரும்பாலோருக்குப் பலத்த காயம். இரண்டு விமானிகளும் படுகாயத்தோடு பிழைத்தார்கள். பின்னால் இருவருக்கும் வேலை போயிற்று.

தகடு ஏன் உடைந்தது என்பதற்கும் விடை கிடைத்தது. அதிக உயரத்தில் அதிகச் சக்தியில் ஓடும்போது விசிறித் தகடுகளில் ஒருவகை அதிர்வு ஏற்பட்டு உலோகம் களைத்துப்போகிறது. தரையில் செய்த சோதனைகளில் அது வெளிப்படவில்லை. அதே ஆண்டு ஜூன் மாதத்தில் மேலும் இரண்டு 737-400 விமானங்களில் இதே மாதிரி தகடு உடைந்தது. இரண்டும் பத்திரமாக இறங்கின. அதாவது எஞ்சின் உடைந்ததால் யாரும் செத்திருக்க வேண்டியதில்லை.

எஞ்சினை அணைப்பதற்கு முன் ஒரு விமானி நெம்புகோலில் கை வைக்க வேண்டும், மற்றவர் மீட்டரைப் பார்த்து 'ஆமாம், இதுதான்' என்று வாய்விட்டு உறுதி செய்ய வேண்டும் என்பது இன்றைய நடைமுறை. அவசரப்படாதே, முதலில் விமானத்தை ஓட்டு என்றும் சொல்லிக்கொடுக்கிறார்கள். விமானிகளுக்கும் கேபின் ஊழியர்களுக்கும் சேர்த்துப் பயிற்சி வேண்டும் என்று விசாரணை அறிக்கையும் பரிந்துரைத்தது. அப்படியும் 2015 பிப்ரவரியில் தைபேயில் டிரான்ஸ்ஏசியாவின் ஏடிஆர் விமானம் ஒன்றில், ஜெட் இல்லை, புரொப்பெல்லர் விமானம்தான், திரும்பவும் நல்ல எஞ்சினையே நிறுத்தினார்கள். 43 பேர் போனார்கள்.

கெக்வொர்த்தில் கேப்டனுக்குத் தேவைப்பட்ட ஒரே தகவல், அவர் முதுகுக்குப் பின்னால் சில மீட்டர் தள்ளி உட்கார்ந்திருந்தவர்களிடம் இருந்தது. ஏறக்குறைய இருபது நிமிடம் அங்கேயே இருந்தது. அதைப் படித்த பிறகு நான் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும்போது ஏதாவது வித்தியாசமாகக் கண்ணில் பட்டால், முட்டாள் என்று நினைத்தாலும் பரவாயில்லை, பெல்லை அழுத்திச் சொல்லிவிடுவேன். நீங்களும் சொல்லிவிடுங்கள்.