ராக் ரிட்ஜுக்கு வந்த ஷெரீஃப்

இன்னைக்கு 1974-ல் மெல் புரூக்ஸ் இயக்கிய 'பிளேசிங் சாடில்ஸ்'.

கதை நடக்கிறது 1874-ல். ராக் ரிட்ஜ் ஊரே புது ஷெரீஃபை வரவேற்கத் திரண்டு நிக்குது. குதிரையில வர்றவர் கறுப்பினத்தவர். அவ்வளவுதான், வரவேற்பு நின்னு துப்பாக்கிகள் நீளுது.

முதல் தடவை பார்த்தப்போ, 'அந்தக் காலத்துல இதெல்லாம் நடந்திருக்குமா, சும்மா கற்பனை'ன்னு சிரிச்சேன். அப்புறம்தான் பாஸ் ரீவ்ஸ் பற்றிப் படிச்சேன். அடிமையாகப் பிறந்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. வாரண்ட்டை யாராவது வாசிச்சுக் காட்டினா மனப்பாடம் பண்ணிப்பார். 1875-ல், படக்கதைக்கு அடுத்த வருஷமே, அமெரிக்க டெபுடி மார்ஷல் ஆனார். முப்பது வருஷத்துக்கு மேல குற்றவாளிகளைப் பிடிச்சார். ஹாலிவுட் வெஸ்டர்ன்கள் இவர் மாதிரி ஆட்களை ரொம்ப காலம் கண்டுக்கவே இல்லை.

திரைக்கதை எழுதினவங்கள்ல கறுப்பினக் காமெடியன் ரிச்சர்ட் பிரையரும் ஒருத்தர். ஷெரீஃபா அவரையே நடிக்க வைக்க புரூக்ஸ் கேட்டார், ஸ்டூடியோ மறுத்துடுச்சு. கிளீவன் லிட்டில் நடிச்சு அசத்தினார்.

இந்தப் படம் ஷெரீஃபைக் கிண்டல் பண்ணலை, அவரைப் பார்த்து மிரள்ற ஊரைத்தான் கிண்டல் பண்ணுது. 'இப்படி ஒருத்தர் இருந்திருக்கவே முடியாது'ன்னு நினைச்ச நானும் அன்னைக்கு அந்த ஊர்க் கூட்டத்துலதான் நின்னிருக்கேன்.