கப்சாய்க்கு எத்தனை பல்? ஒரு செயினின் கதை



நம்ம கோயில் தொண்டுக்கு வர்ற இளைஞர்கள் சிலர் தாத்தா ஓட்டின பழைய ஹோண்டா சி70 மோட்டாரைப் பழுது பார்த்து ஓட்டுறாங்க. அன்னதானத்துக்கு அரிசி, காய்கறி, இளநீர் எல்லாம் அதுலதான் வருது. ரொம்ப சந்தோஷம். அவங்க எங்ககிட்ட அடிக்கடி கேட்கிறது இதுதான்: "அண்ணே, ஸ்ப்ராக்கெட் முன்னால எத்தனை பல், பின்னால எத்தனை பல் போடலாம்?" இந்தக் கேள்விக்கு வயசு நூறுக்கு மேல. அதனால வரலாற்றிலிருந்தே சொல்றோம்.

முதல்ல வந்த உயரமான சைக்கிளுக்குச் செயினே கிடையாது. பெடல் நேரா முன் சக்கரத்திலேயே இருக்கும். வேகம் வேணும்னா சக்கரத்தைப் பெருசாக்கணும், வேற வழி இல்லை. விழுந்தா தலைதான் முதல்ல தரையில படும். சுவிட்சர்லாந்திலிருந்து இங்கிலாந்துக்கு வந்த ஹான்ஸ் ரெனால்ட், 1879-ல் மான்செஸ்டர் பக்கத்தில் ஒரு சின்ன செயின் பட்டறையை வாங்கினார். 1880-ல் உருளை வைத்த செயினைக் கண்டுபிடித்தார். இன்னைக்கு நம்ம மோட்டார்ல ஓடுறதும் அதே அமைப்புதான். 1885-ல் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர் ரோவர் சைக்கிளைக் கொண்டு வந்தார். சின்ன சக்கரம், செயின், இரண்டு ஸ்ப்ராக்கெட். அதுக்கப்புறம் வேகத்தைத் தீர்மானிச்சது பல் எண்ணிக்கை.

மோட்டார் சைக்கிள் வந்த புதுசுல பலதும் பெல்ட்லதான் ஓடுச்சு. மழையிலயும் மேட்டிலயும் பெல்ட் வழுக்கும். 1911-ல் ஐல் ஆஃப் மேன் தீவில் நடக்கும் டி.டி. பந்தயத்தை மலைப்பாதைக்கு மாத்தினாங்க. அந்த வருஷம் பெரிய வண்டிகளுக்கான போட்டியில் முதல் மூன்று இடத்தையும் அமெரிக்காவின் இந்தியன் மோட்டார் சைக்கிள்கள் பிடிச்சது. அதுல இருந்தது செயினும் இரண்டு கியரும். மலை ஏற வெறும் எஞ்சின் பலம் போதாது, சரியான கியர் கணக்கு வேணும்னு அன்னைக்கே உலகத்துக்குப் புரிஞ்சிருச்சு.

1958-ல் ஹோண்டா சூப்பர் கப் வந்தது. எஞ்சின் 49 சிசி, மூன்று கியர், கையில் கிளட்ச் கிடையாது. ஒரு கையில் சாப்பாட்டுத் தட்டு வச்சுக்கிட்டு ஓட்டுற டெலிவரிக்காரரை மனசுல வச்சு செஞ்சாங்க. செயினுக்கு முழு மூடி போட்டாங்க, மண்ணும் தண்ணியும் உள்ளே போகாது. நம்ம நாட்டுல அது "கப்சாய்" ஆச்சு. தோட்டத்துல பால் வாளி சுமந்ததும் அதுதான், பிள்ளைகளைப் பள்ளியில விட்டதும் அதுதான். 2017-ல் உலகம் முழுக்க 10 கோடி வண்டி உற்பத்தி ஆயிருச்சு.

இப்போ கணக்குக்கு வருவோம். பின் பல்லை முன் பல்லால் வகுத்துப் பாருங்க. உதாரணத்துக்கு 36-ஐ 14-ஆல் வகுத்தா 2.57. முன்னால 15 போட்டா 2.40. எண் குறைஞ்சா ஓட்டம் கூடும், இழுவை குறையும். முன்னால 13 போட்டா 2.77, இழுவை கூடும், ஆனா நேர் ரோட்டுல எஞ்சின் கத்தும். முன்னால ஒரு பல் மாத்துறதும் பின்னால கிட்டத்தட்ட மூணு பல் மாத்துறதும் ஒன்னுதான்.

ஆகவே தம்பிகளே, முதல்ல கம்பெனி கொடுத்த பல் எண்ணிக்கையையே போடுங்க. மூட்டை ஏத்தி மலைக்கோயில் போறவங்க முன்னால ஒரு பல் குறைக்கலாம், இல்லைன்னா பின்னால இரண்டு மூணு கூட்டலாம். வேகத்துக்காக முன்னால பெருசாக்காதீங்க. 70 சிசி எஞ்சின் டாப் கியர்ல இழுக்கத் திணறும், நீங்க மறுபடி இரண்டாவது கியருக்குத்தான் வருவீங்க. அதோட அந்தக் காலத்து டிரம் பிரேக் அந்தக் காலத்து வேகத்துக்குச் செஞ்சது.

420 செயினுக்கும் 428 செயினுக்கும் கண்ணி நீளம் ஒன்னுதான், 12.7 மில்லிமீட்டர். ஆனா அகலம் வேற, கலந்து போடக் கூடாது. செயினும் இரண்டு ஸ்ப்ராக்கெட்டும் ஒன்னாவே மாத்துங்க. தேஞ்ச பல்லு புது செயினைச் சீக்கிரம் தின்னுடும். பின்னால பெருசு போட்டா மூடியில உரசுதான்னு கையால சக்கரத்தைச் சுத்திப் பாருங்க. செயின் பூட்டுற கிளிப்போட மூடின பக்கம், செயின் ஓடுற திசையைப் பார்த்து இருக்கணும்.

மேட்டுல பாரத்தோட போகும்போது செயின் அறுந்தா பின் சக்கரம் இறுகலாம், பின்னால வர்ற லாரி நமக்காக நிக்காது. சாமி காரியத்துக்குப் போற பிள்ளைகள் பத்திரமா வீடு திரும்பணும், அதுதான் எங்க கவலை. சந்தேகம் இருந்தா ஞாயித்துக்கிழமை பூஜை முடிஞ்சதும் வண்டியைக் கோயில் பின்வாசலுக்குக் கொண்டு வாங்க, சேர்ந்து பல்லை எண்ணிப் பார்ப்போம்.

முருகன் துணை.